மிதிபட்ட புல்

உங்கள் அருங்காட்சியகத்தில் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ளத் தருகிற கம்பளிச் செருப்பு எனக்குச் சற்றுப் பெரிது. ஆனாலும் நல்ல ஏற்பாடுதான். தரையில் யாருடைய தடமும் விழுவதில்லை.

ஓவியத்தைச் சாவியால் சுரண்டியது நான்தான், அம்மா. காவலாளி கையைப் பிடித்தபோதே ஒப்புக்கொண்டேன். மலைக்கும் மேகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள். புல்வெளியின் நடுவே ஓடிய அந்த வெளிறிய கோடு மட்டும்தான் போயிற்று. அது போகவேண்டியதுதான்.

1953இல் வலேரியன் அதை வரைந்தபோது, மரமுரெஷ் மலைப்பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். நகரத்து ஓவியர். என் மனைவி ரஃபிலா எனக்கு ஒருநாளும் வைக்காத பாலாடையை அவர் தட்டில் வைப்பாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"விருந்தாளிக்குத்தான் பாலாடையா? நமக்கு வெறும் சோளக்களிதானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க மாடு மேய்க்கிறவரு, களி போதும். அவரு மேகத்தையில்ல மேய்க்கிறாரு," என்றாள். ஓவியரும் சேர்ந்து சிரித்தார்.

ஆகஸ்டில் ஓவியம் அவர் அறையில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் புல்வெளிதான். முதல் அறுப்புப் புல் கொட்டகைக்குள் போய்விட்டது. இரண்டாம் புல் முழங்கால் உயரம் நின்றது. அறுப்புக்கு நிற்கும் புல்லில் எங்கள் பக்கத்தில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். குழந்தைகூட ஓரமாகச் சுற்றித்தான் போகும். ஓவியத்திலோ எங்கள் பின்வாசலிலிருந்து கொட்டகை வரை ஒரு கோடு. தினமும் யாரோ நடந்தால்தான் புல் அப்படிப் படுக்கும். கீழே நின்ற என் கண்ணில் படாதது, மேட்டில் உட்கார்ந்து வரைந்தவர் கண்ணில் பட்டிருக்கிறது.

ரஃபிலாவிடம் கேட்டேன்.

"மானு ஏதாச்சும் மிதிச்சிருக்கும். விடுங்க."

மான் பின்வாசலிலிருந்து புறப்படாது.

மறுநாள் விடிந்ததும் அவள் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வெறும் துணியோடு திரும்பினாள். ஓவியர் அறையில் இல்லை. கொட்டகைக்குள் இருப்பது அவர்தான் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். போய்க் கதவுக்கு வெளியே குறுக்குக்கட்டையைப் போட்டேன்.

கொட்டகையில் ஈரத்தோடு ஏற்றிய புல் தானாகப் பற்றிக்கொண்டது என்று ஊர் பேசிக்கொண்டது. அப்படி நடப்பதும் உண்டு. ஓவியர் மதியம் மேட்டிலிருந்து இறங்கி வந்தார், விரலெல்லாம் பச்சை வண்ணத்தோடு. சாம்பலில் கிடைத்தது ரஃபிலாவின் தம்பி இலாரியோன். கூட்டுப்பண்ணைக்கு நிலம் தரமாட்டேன் என்று அதிகாரியை அடித்துவிட்டு, இரண்டு மாதமாகத் தலைமறைவாக இருந்தவன்.

ரஃபிலா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் எனக்குச் சமைத்துப் போட்டாள். தட்டில் பாலாடையும் வைத்தாள். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகுதான் இந்த ஓவியத்தைப் பார்க்க வந்தேன்.

ஆளை மாற்றி நினைத்துவிட்டேன், அவ்வளவுதான். அந்தக் கோட்டை அவர் வரையாமல் விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. இத்தனை வருடம் எனக்கு நானே இதைத்தான் சொல்லிவந்தேன்.

நீங்கள் எழுதிக்கொள்வதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டையைப் போட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு, மச்சானா? அக்கா உங்ககிட்ட சொல்லிட்டாளா?"

சொல்லவில்லை. யாரோ ஓர் ஓவியருக்குத் தெரிந்த பாதையை அவள் என்னிடம் சொல்லவில்லை. அது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. குறுக்குக்கட்டையை எடுக்க ஒரு கை போதும். வலது கையில் தீக்குச்சி இருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது.