சீற்றுக்குப் பின்னாலை இருந்த ராங்கி

ஜெகதீஸ்வரன்: இன்னும் கொஞ்சம் தூக்கு செபா... இன்னும்... ஆ, நில்லு! அப்பிடியே பிடி.

செபஸ்ரியன்: பிடிச்சுக்கொண்டுதானே கிடக்கிறன். கை விறைக்குது, கெதியாப் பூட்டு.

ஜெகதீஸ்வரன்: வெறும் அலுமினியப் பெட்டியடா. இன்னும் ஒரு சொட்டுப் பெற்றோல் விடேல்லை, அதுக்கே முக்கிறாய்.

செபஸ்ரியன்: பிக்கப்புக்குக் கீழை மல்லாந்து கிடந்து, நெஞ்சிலை வைச்சுத் தாங்கிப் பார். தெரியும்.

ஜெகதீஸ்வரன்: உன்ரை பிக்கப், உன்ரை கராஜ். அப்ப உன்ரை நெஞ்சுதான் தாங்கவேணும்... இந்தா, ஒரு பட்டி பூட்டியாச்சு. மற்றதைத் தா.

செபஸ்ரியன்: பட்டிக்கும் பெற்றோல் ராங்கிக்கும் நடுவிலை றப்பர் வைச்சனியோ?

ஜெகதீஸ்வரன்: வைக்காமல்? இரும்போடை உரஞ்சினால் ஓட்டை விழுமெல்லே. இத்தினை வருஷமா வெல்டிங் செய்யிறவனிட்டைக் கேக்கிற கேள்வியைப் பார்.

செபஸ்ரியன்: சும்மா கேட்டனான்ரா.

ஜெகதீஸ்வரன்: நீ உப்பிடிக் கேக்கிற ஆளில்லையே. பிறேக் தேய்ஞ்சு கத்தினாலும் ரேடியோவைக் கூட்டிவிட்டிட்டு ஓடின மனுசன்.

செபஸ்ரியன்: அது அப்ப.

ஜெகதீஸ்வரன்: இப்ப என்ன?

செபஸ்ரியன்: இப்ப... வயசு போகுதெல்லே.

ஜெகதீஸ்வரன்: ம்.

செபஸ்ரியன்: என்ன 'ம்'?

ஜெகதீஸ்வரன்: ஒண்டுமில்லை. அந்தப் பெரிய ஸ்பானரைத் தள்ளிவிடு.

செபஸ்ரியன்: இந்தா... உள்ளுக்கை ஏதோ பஞ்சு போட்டிருக்கிறன் எண்டாய்?

ஜெகதீஸ்வரன்: ஓம், கடற்பஞ்சுமாதிரி ஒண்டு. வளைவிலை திரும்பேக்கை பெற்றோல் அங்கை இஞ்சை அலையாது. மேலை ஒரு வால்வும் இருக்கு. வண்டி தலைகீழாப் பிரண்டாலும் வெளியிலை ஊத்தாது. காரோட்டப் போட்டிக்காரர் பாவிக்கிறது. இதுக்குத்தான் ஃபியூவல் செல் எண்டு சொல்லுறது.

செபஸ்ரியன்: உந்தப் பேரை வேறை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. செல் எண்டு கேட்டாலே, செல்லடி துடங்கிட்டுதெண்டு எங்கடை ஆக்கள் பங்கருக்கை ஓடுவினம்.

ஜெகதீஸ்வரன்: ஹா... நோர்வேயிலை, லோறென்ஸ்கூக்கிலை எங்கையடா பங்கர்?

செபஸ்ரியன்: தேடிப் பிடிப்பினம்.

ஜெகதீஸ்வரன்: பகிடி இருக்கட்டும். இவ்வளவு காலமும் சீற்றுக்குப் பின்னாலை, முதுகோடை முட்டிக்கொண்டு ஒரு ராங்கி நிறையப் பெற்றோல். அதோடை ஒஸ்லோ முழுக்கத் திரிஞ்சனி. மணக்குது எண்டு நான் சொன்னால், 'எனக்கு அந்த மணம் பிடிக்கும்' எண்டுவாய். இந்தமுறை, ராங்கியை வெளியிலை எடுப்பமோ எண்டு வாய் திறக்க முன்னமே ஓமெண்டிட்டாய்.

செபஸ்ரியன்: கொன்ட்ரோலுக்கு, வண்டிச் சோதினைக்குக் காட்டவேணுமெல்லே.

ஜெகதீஸ்வரன்: கொன்ட்ரோலிலை ஒருநாளும் அவங்கள் அந்த ராங்கியைக் குறை சொல்லேல்லை. வண்டி செய்தவனே அங்கைதான் வைச்சவன்.

செபஸ்ரியன்: இனிச் சொல்லுவாங்களோ எண்டு ஒரு பயம்.

ஜெகதீஸ்வரன்: நல்ல பயம். அதுசரி, பக்கத்துச் சீற்றுக்குப் புதுப் பெல்ட் பூட்டியிருக்கிறாய். உன்ரை பக்கம் நூல் பிரிஞ்சு தொங்குது?

செபஸ்ரியன்: ஒண்டுதான் கிடைச்சது.

ஜெகதீஸ்வரன்: எங்கை?

செபஸ்ரியன்: ...ஸ்தவாங்கரிலை.

ஜெகதீஸ்வரன்: ஒரு பெல்ட் வாங்க ஸ்தவாங்கரோ? மலையெல்லாம் தாண்டி, ஒரு பகல் முழுக்க ஓடி?

செபஸ்ரியன்: உந்தப் பழைய வண்டிக்கு அங்கை ஒருத்தன் பார்ட்ஸ் வைச்சிருக்கிறான்ரா.

ஜெகதீஸ்வரன்: வைகாசியிலையும் போனாய்.

செபஸ்ரியன்: அப்பவும் பார்ட்ஸ்தான்.

ஜெகதீஸ்வரன்: இந்தா, உன்ரை போன் அடிக்குது. 'ஸ்தவாங்கர் பார்ட்ஸ்' எண்டு காட்டுது.

செபஸ்ரியன்: எடுக்காதை!

ஜெகதீஸ்வரன்: உன்ரை கையிலை கிறீஸ். நான் கதைக்கிறன். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேப்பம்.

செபஸ்ரியன்: ஜெகன், எடுக்காதை எண்டெல்லே... ஆ! ஐயோ!

ஜெகதீஸ்வரன்: தலை அடிச்சுப்போட்டியோ? காட்டு... இரத்தமில்லை. வீங்கும். பார்ட்ஸ்காரனுக்கு உப்பிடியும் ஒரு பயமோ?

செபஸ்ரியன்: போன்?

ஜெகதீஸ்வரன்: நிண்டுட்டுது. எழும்பி வா. வாசலுக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் பெற்றோல் விடுவம்.

செபஸ்ரியன்: நில்லு, நான் ஊத்திறன்... மெல்லமா... எங்கையும் கசியுதோ பார்.

ஜெகதீஸ்வரன்: இல்லை. ஒட்டெல்லாம் காஞ்சு கிடக்குது. குழாய் மூட்டும் சரி. ஏறி ஸ்டார்ட் பண்ணு.

செபஸ்ரியன்: ...பிடிக்குதில்லையேடா.

ஜெகதீஸ்வரன்: புதுக் குழாய் நிரம்பி வரவேணும். பொறுமையா இன்னொருக்கா அடி.

செபஸ்ரியன்: வா... வா ராசாத்தி... ஆ! பிடிச்சிட்டுது! ஜெகன், பிடிச்சிட்டுதடா!

ஜெகதீஸ்வரன்: கேக்குது, கேக்குது! முழுத் தெருவுக்கும் கேக்குது! மணக்குதோ?

செபஸ்ரியன்: கதவைச் சாத்திப்போட்டுப் பாக்கிறன்... ஒண்டுமில்லை. வெய்யிலிலை காஞ்ச சீற்று மட்டும்தான் மணக்குது. நீயும் ஏறிப் பார்.

ஜெகதீஸ்வரன்: ...ஓமடா. துப்பரவா இல்லை. இப்பதான் மனுசர் இருக்கிற வண்டி.

செபஸ்ரியன்: ஜெகன்... எஞ்சினை நிப்பாட்டுறன். ஒண்டு சொல்லவேணும்.

ஜெகதீஸ்வரன்: ஓடவிட்டிட்டே சொல்லன்.

செபஸ்ரியன்: இல்லை. இதைக் கத்திச் சொல்லேலாது... ஸ்தவாங்கரிலை பார்ட்ஸ்காரன் எண்டு ஒருத்தரும் இல்லை.

ஜெகதீஸ்வரன்: அப்ப போன் அடிச்சது ஆர்?

செபஸ்ரியன்: உன்ரை அக்கா.

ஜெகதீஸ்வரன்: யோகக்காவோ?

செபஸ்ரியன்: ஓம். பங்குனியிலை உன்ரை வீட்டை வந்து நிண்டவ. பனிக்கு ரெயின் ஓடேல்லை எண்டு நீதானே என்னை ஸ்தவாங்கருக்குக் கொண்டுபோய் விடச் சொன்னனி. வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு போனனாங்கள். இடையிலை இடையிலை நிப்பாட்டச் சொல்லி, இறங்கிக் காத்து வாங்கினவ. பெற்றோல் மணம் தலையிலை ஏறிப்போச்சு. ஒருக்கால் சத்தியும் எடுத்தவ. எடுத்துப்போட்டு வாயைத் துடைச்சுக்கொண்டு, 'உங்களுக்கு ஏன் கலியாணம் சரிவரேல்லை எண்டு இப்ப விளங்குது' எண்டு சிரிச்சா பார்...

ஜெகதீஸ்வரன்: யோகக்கா சிரிச்சவவோ?

செபஸ்ரியன்: விழுந்து விழுந்து. உன்ரை அத்தான் தவறிப்போனாப் பிறகு நான் அண்டைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டனான். பேந்து போன் எடுத்தன். பேந்து போனன்... ஏதும் சொல்லன்ரா. அந்த ஸ்பானரையும் கீழை வை.

ஜெகதீஸ்வரன்: நீ முழுக்கச் சொல்லி முடி.

செபஸ்ரியன்: நான் வேதக்காரன், நீங்கள் சைவம். ஊர் என்ன சொன்னாலும் எனக்குக் காரியமில்லை. நீதான்... இஞ்சை வந்த நாளிலை இருந்து ஒரு கோப்பையிலை சாப்பிட்டனாங்கள். நீ முகத்தைத் திருப்பினியெண்டால் எனக்கு ஏலாது.

ஜெகதீஸ்வரன்: நான் வேண்டாமெண்டால் விட்டிடுவியோ?

செபஸ்ரியன்: ...இல்லை. விடமாட்டன். ஆனால் உனக்கு ஒளிச்சுச் செய்யமாட்டன்.

ஜெகதீஸ்வரன்: அக்கா என்ன சொல்லுறா?

செபஸ்ரியன்: அவவுக்கு விருப்பம். உனக்கு நான்தான் என்ரை வாயாலை சொல்லவேணுமாம். நான் சொல்லும்வரைக்கும் அவ உன்னட்டை மூச்சுவிடமாட்டாவாம்.

ஜெகதீஸ்வரன்: மூச்சுவிடமாட்டாவோ? நீ கொண்டுபோய் விட்ட அடுத்தநாள் விடியவே போன் எடுத்து அழுதவ. 'தம்பி, மனுசன் தங்கம். ஆனால் முதுகுக்குப் பின்னாலை நெருப்பை வைச்சுக்கொண்டு ஓடுறார். நான் ஒருத்தரைப் பறிகுடுத்தது காணும். நீ ஒண்டும் தெரியாதமாதிரி இருந்துகொண்டு அந்த ராங்கியை மட்டும் எப்பிடியாவது வெளியிலை எடுத்துக் குடடா' எண்டு. நீ ஓமெண்டு சொல்ல முதலே நான் அலுமினியத்தை வெட்டிப்போட்டன்.