பதினெட்டாவது வரிசை

— இது பதினேழுதானே?

— பதினெட்டு, அண்ணா. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் என்னுது. நீங்க உக்காந்திருக்கறது அந்தக் கல்லு மேலதான்.

— இலை இல்லாம நின்னா எல்லாக் கொடியும் ஒண்ணுபோலத்தான் தெரியுது.

— இருபத்தெட்டு வருஷமா கவாத்து வெட்டறவர் பேசற பேச்சா இது?

— சரி, விடு. தழைச்சுக்கும்.

— தழைக்கும். காய்க்காது. உங்க கறுப்புத் திராட்சைக்குக் கிளையில ரெண்டு மொட்டுக் கண்ணு விட்டா போதும். என் பச்சைக்கு அஞ்சாறு கண்ணு தாண்டித்தான் குலை பிடிக்கும். நீங்க எல்லாத்தையும் ரெண்டோட நிறுத்திட்டீங்க.

— எல்லாத்தையுமா?

— ரொம்ப நேர்த்தியா.

— ஒண்ணாவது மிச்சம் இருக்கும்மா.

— கடைசிக் கம்பத்துல ஒண்ணு இருந்துச்சு. திரும்பி வந்து அதையும் வெட்டினீங்க.

— நீ எங்கேர்ந்து பாத்த?

— ஜன்னல்லேர்ந்து. முதல் கொடிலேர்ந்து. நடுவுல ரெண்டு தடவை டீ குடிச்சேன்.

— ஒரு குரல் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பேனே.

— நிறுத்தியிருப்பீங்க.

— முப்பத்தாறு கொடி. உனக்கு இந்த வருஷக் காய்ப்பே போச்சு.

— ஒரு வரிசைக் காய்ப்பு.

— பதிலுக்கு என்னுதுல ஒரு வரிசை அறுத்துக்கோ.

— உங்களுதுல ஒண்ணுகூட வெட்டாம நிக்குது. குளிர் விட்டு பத்து நாளாச்சு, மொட்டெல்லாம் வீங்கி நிக்குது. இதோ, நீங்க வெட்டின இடத்துலேயே தண்ணி சொட்டுது.

— ஆள் வெச்சு வெட்டிக்கறேன். நான் இனிமே கத்தரியைத் தொடல. வரிசை தெரியாதவனுக்கு எதுக்குக் கத்தரி?

— இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும். அதான் குரல் குடுக்கல.

— புரியல.

— அண்ணி தவறி அஞ்சு மாசமாச்சு. நீங்க வாசல் தாண்டினது இன்னைக்குத்தான்.

— அதுக்காக முப்பத்தாறு கொடியையும் பாத்துக்கிட்டு நிப்பியா?

— முதல் பத்துக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

— உனக்குப் பைத்தியம்.

— இருக்கட்டும். நாளைக்குக் காலையில வந்து உங்களுதுல ஆரம்பிங்க.

— மறுபடியும் வரிசை மாறிப் போச்சுன்னா?

— பத்தொன்பதும் என்னுதுதான்.