கட்லாவுக்கு ஒரு சிலிண்டர்

கட்லா மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தால், பார்க்கிறவர்கள் பசி என்று நினைத்துப் பொரி போடுவார்கள். பசி இல்லை ஐயா, மூச்சு முட்டுகிறது. இது தெரியாதவன் குளம் வைக்கக் கூடாது.

திருவெறும்பூர் தாண்டி என் குளம். காசு கட்டித் தூண்டில் போட வருகிறவர்கள் பிடித்த மீனை எடை பார்த்து, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பிடித்ததை விடுவதா என்று ஊரே சிரித்தது. பிறகு ஒரு கட்லா இருபத்தாறு கிலோவைத் தொட்டது. அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தேன்; வெளியூர்க்காரர்கள்கூடத் தேடி வந்தார்கள். தூண்டில் போடத் தவறாமல் வரும் ஓய்வுபெற்ற வெல்டர் பிச்சமுத்து போன் செய்தால் முதல் கேள்வியே, "பெரியவர் சௌக்கியமாங்க?" என்பதுதான். என் மனைவி பிரேமலதாவை அப்புறம்தான் விசாரிப்பார்.

அவளுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருஷம். குளக்கரை வீட்டில், கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினை நம்பித்தான் இருந்தாள். கரண்ட் போனால் வேண்டுமென்று ஒரு சிலிண்டர் வைத்திருந்தோம். அவளுடைய மருந்துச் செலவு குளத்து வருமானத்தால். குளத்து வருமானம் பெரியவரால். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் அடைமழை. வியாழக்கிழமை விடிந்ததும் கரண்ட் போனது. அவளுக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு வெளியே வந்தேன். தண்ணீருக்குக் காற்று ஊட்டும் மோட்டார் நின்றுபோய், குளம் முழுக்க வாய்களாகத் தெரிந்தது. சின்ன மீன்கள் செத்து மிதந்தன. பெரியவர் கரையோரம் ஒருக்களித்துக் கிடந்தார். லைன்மேனைக் கூப்பிட்டேன். "மரம் விழுந்திருக்குங்க, ரெண்டு மணி நேரமாவது ஆவும்" என்றார்.

மீன் குஞ்சு விற்பவர்கள் பையில் ஆக்ஸிஜன் அடைத்துத்தான் கட்டித் தருவார்கள். அந்த ஞாபகம் வந்தது. பெரியவரை வலையோடு இழுத்து, எடை பார்க்கும் இடத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் சேர்த்தேன். உள்ளே போய், "பத்தே நிமிஷம்மா. அவர் போயிட்டா நமக்குச் சோறு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் சிலிண்டரை எடுத்தேன்.

குழாயைத் தொட்டிக்குள் விட்ட கால் மணி நேரத்தில் பெரியவர் நிமிர்ந்தார். நான் அழுதுவிட்டேன். வீட்டுக்குள் டம்ளரால் கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றது. தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. சிலிண்டர் தீரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்கிட்டீங்களே மாமா" என்று அவள் தம்பி அழுதான். அவனுக்குக் குளத்தொழில் தெரியாது. நான் செய்தது அத்தனையும் அவளுக்காக. பெரியவர் நன்றாக இருக்கிறார். உங்கள் கான்ஸ்டபிள் யாரையாவது விட்டுத் தொட்டித் தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள்.

அவள் விரல்களில் இருக்கும் காயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாஸ்க்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு வலி தாங்காது ஐயா. அதனால் மெதுவாகத்தான் பிரித்தேன்.