துணைக்குப் போனவன்

அண்ணே, கட்சி ஆண்டு மலருக்கு அப்பாவப் பத்தி எழுதித் தரேன்னு சொன்னது லேட் ஆயிருச்சு, கோச்சுக்காதீங்க. மூணு தடவ ஆரம்பிச்சு மூணு தடவயும் அழிச்சுட்டேன். எனக்கு எழுத வராது, பேசத்தான் வரும். அக்கா என்னை மைக்குன்னுதான் கூப்பிடுவா. "மைக்கு, சோத்தத் தின்னுட்டு பேசு"ன்னுவா. அதனால பேசற மாதிரியே டைப் பண்ணிட்டு போறேன், தப்பிருந்தா நீங்க திருத்திக்கங்க.

"நெஞ்சு வலியிலயும் வரிசையில நின்னு கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்"னு எழுதுன்னு சொன்னீங்க. போஸ்டர்லயும் அப்படித்தான் போட்டீங்க. நெஞ்சு வலி உண்மைண்ணே. வரிசையும் உண்மை. மிச்சத்தத்தான் சொல்லணும்.

எங்க வீடு மூணு பேரு. அப்பா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. அக்கா டவுன் பஸ் ஓட்டுறா. நான் போன் ரிப்பேர் கடையில இருக்கேன். அம்மா இல்ல. மூணு பேரும் நம்ம கட்சிதான், பொறந்ததுலருந்து. ஒழுக்கம், குடும்பம், பெரியவங்க சொல் கேக்கறது, இதெல்லாம் எங்க வீட்டுல கட்சி சொல்லித் தந்ததா அப்பா சொல்லித் தந்ததான்னு பிரிக்கவே முடியாது.

சண்டை வந்தது வேட்பாளரால. நம்ம ஆளு பாலம் காண்ட்ராக்டர். அவர் கட்டின பாலம் ஒரே வருஷத்துல விரிசல் விட்டு மூடிட்டாங்க, உங்களுக்கே தெரியும். அக்கா ஓட்டுற ரூட் அந்தப் பாலம் வழியா. தினம் ட்ரிப்புக்கு ஆறு கிலோமீட்டர் சுத்திட்டு போவா. நம்ம கட்சியிலயே சீட் கேட்டுக் கிடைக்காத டீச்சரம்மா தனியா நின்னதும் அக்கா அந்தப் பக்கம் போயிட்டா. நான் விசுவாசம் அது இதுன்னு ஒரு மணி நேரம் கத்தினேன். ஆளப் பாக்காத, கட்சியப் பாருன்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டு சொன்னா.

"கூரை ஒழுகுதுன்னு சொல்றவ வீட்டுக்கு எதிரி இல்லடா மைக்கு. நீ பாத்திரத்த வச்சு புடிச்சுட்டே இரு, நான் கூரைய மாத்தணுங்கறேன்."

அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அப்பாவ இழுக்க ஆரம்பிச்சோம். அவரு எந்தப் பக்கம்னு. காலையில டீ கொடுக்கும்போது அவ பேசுவா, ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது நான் பேசுவேன். அப்பா சிரிச்சுக்கிட்டே, "ரெண்டு பேரும் சேந்து என்னை ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிறுத்திட்டீங்க"ன்னாரு.

அவருக்குக் கண்ணுல புரை. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. வாக்குச் சீட்டுல பேரப் படிக்க முடியாது. அந்த மாதிரி ஆளுங்களுக்கு வீட்டுலருந்து ஒருத்தர் துணைக்குப் போயி, அவங்க சொல்ற பேருக்கு நேரா குறி போடலாம். ஒருத்தர்தான் போகலாம். அக்காவுக்கு ஓட்டுப் போடற அன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் ட்யூட்டி. கிளம்பும்போது அப்பாகிட்ட, நான் வந்து கூட்டிட்டுப் போறேன், தட்டிக் கழிக்காம ரெடியா இருங்கன்னு சொல்லிட்டுப் போனா.

அவ போனதும் அப்பா என்னைப் பக்கத்துல உக்காரச் சொன்னாரு.

"வருத்தப்படாதடா. லிஃப்ட்டுல கம்பிக்கயிறு நைஞ்சுபோச்சுன்னா மாத்திரணும். முப்பது வருஷம் உழைச்ச கயிறாச்சேன்னு பாவம் பாத்தா உள்ள நிக்கறவன்தான் சாவான். இந்தத் தடவ டீச்சரம்மாவுக்குப் போடறேன்."

நான் சரிப்பான்னேன். கோவம்லாம் வரல. ரெண்டு மணிக்குள்ள நானே கூட்டிட்டுப் போயிரணும்னு மட்டும் மனசுல ஓடுச்சு.

பத்தரை மணிக்கு அவரு நெஞ்ச நீவிக்கிட்டு வந்து நின்னாரு. இடது தோள்லருந்து முழங்கை வரைக்கும் இழுக்குதுன்னாரு. கேஸா இருக்கும்பான்னு சுடுதண்ணி கொடுத்தேன். குடிச்சாரு. கேஸ் இல்லன்னு எனக்குத் தெரியும்ணே. கடையில வேலை இல்லாத நேரத்துல நான் பாக்காத மாரடைப்பு வீடியோ இல்ல.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்டா"ன்னாரு. டாக்ஸி கூப்பிட்டேன்.

தெரு முனை பெட்ரோல் பங்க்ல இடது பக்கம் திரும்பினா ஆஸ்பத்திரி, பத்து நிமிஷம். வலது பக்கம் ஓட்டுப் போடற ஸ்கூல். டிரைவர் எங்கன்னு கேட்டாரு. நான் ஸ்கூல்னு சொன்னேன். அப்பா என்னைப் பாத்தாரு. போற வழிதான்பா, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டுப் போயிரலாம்னேன். போற வழி இல்ல. கண்ணு சரியாத் தெரியாத அவருக்கே அது தெரியும். ஆனா ஒண்ணும் சொல்லல. என்னை நம்பினாரா, சொல்லத் தெம்பு இல்லையான்னு நான் யோசிச்சுப் பாக்கறது கிடையாது. டிரைவர்தான், பெரியவருக்கு இப்படி வேர்த்துக் கொட்டுதேன்னாரு. நான் கண்ணாடிய எறக்கி விட்டேன்.

வரிசையில எங்களுக்கு முன்னாடி நாப்பது பேரு இருந்தாங்க. வயசானவங்களுக்கு முன்னாடி விடுவாங்க, கேட்டா போதும். நான் கேக்கல. கேட்டா அதிகாரி அவர் மூஞ்சியப் பாப்பாரு. பாத்தா ஆம்புலன்ஸ் கூப்பிடுவாரு. அதனால அவர ஒண்ணாம் கிளாஸ் பசங்க உக்கார்ற குட்டி பெஞ்சுல செவுத்தப் பாத்த மாதிரி உக்கார வச்சுட்டு நான் வரிசையில நின்னேன். ஒரு அம்மா, உங்கப்பாவுக்கு முடியல போலன்னாங்க. வெயில் ஒத்துக்காதுன்னு சொன்னேன். அம்பது நிமிஷம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவ போயி அவருக்குத் தண்ணி கொடுத்தேன். அந்தத் தண்ணி கொடுத்தத நினைச்சா எனக்கு இப்பவும் கூசுது, ஏன்னா பாத்தவங்க எல்லாரும் நல்ல புள்ளன்னு நினைச்சிருப்பாங்க.

மறைப்புக்குள்ள போனதும் அப்பா என் தோளப் புடிச்சுக்கிட்டு காதுல, "டீச்சரம்மா"ன்னாரு. மூச்சுதான் வந்துச்சு, ஆனா சொல்லு தெளிவா இருந்துச்சு. நான் காண்ட்ராக்டருக்குக் குறி போட்டு மடிச்சேன்.

"போட்டியாடா?"

"போட்டேன்பா."

"இப்ப போலாமா?"

அந்தக் கேள்விதாண்ணே. ஸ்கூல்ல லீவு லெட்டர் குடுத்துட்டு நிக்கற பையன் மாதிரி கேட்டாரு. அறுபத்தெட்டு வயசு.

ஆஸ்பத்திரியில எப்பலருந்து வலின்னு கேட்டாங்க. இப்பத்தான் கால் மணி நேரமான்னு சொன்னேன். அப்பா வாயில மாஸ்க் இருந்துச்சு. நாலு மணிக்குப் போயிட்டாரு. முன்னாடியே கொண்டுவந்திருந்தா வேற மாதிரி ஆயிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்ப வாக்குப்பதிவு முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. நான் வெளிய வந்து நம்ம பூத் ஏஜெண்டுக்குப் போன் பண்ணி எத்தன சதவீதம்னு கேட்டேன். அப்பா செத்துட்டாருன்னு அவன்கிட்ட ரெண்டாவதாத்தான் சொன்னேன்.

நம்ம பூத்துல பதினொரு ஓட்டுல தோத்தோம். அப்பா சொன்னபடி போட்டிருந்தா பதிமூணுன்னு ஒரு கணக்கு மனசுக்குள்ள ஓடுச்சு. அடக்கம் முடிஞ்சு நான் குளிச்சுட்டு நிக்கும்போது.

இப்ப அக்காவுக்கு வரேன். அவ டிரைவர் யூனிஃபார்மோட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தா. பத்தரைக்கே வலின்னு பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வந்திருக்கா. ஏன்டா இவ்வளவு நேரம்னு கேட்டா. நான் யோசிக்கவே இல்ல, வாயில வந்துருச்சு.

"ஓட்டுப் போட்டுட்டுத்தான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாருக்கா."

அவ செவுத்துல சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டா. தட்டிக் கழிக்காதீங்கன்னு காலையில நான்தானடா சொல்லிட்டுப் போனேன்னா. நான் பக்கத்துல உக்காந்து முதுகத் தடவிக் கொடுத்தேன். இல்லக்கா, உன்னால இல்லன்னு சொன்னேன். எவ்வளவு மெதுவா சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவா சொன்னேன்.

அதுக்கப்புறம்தான் நீங்க வந்தீங்க, போஸ்டர் வந்துச்சு, எனக்கு வார்டு இளைஞரணில பொறுப்பு வந்துச்சு. நான் வேண்டாம்னு சொல்லல.

அக்கா இப்ப பஸ் ஓட்டறதில்ல. இனி ஸ்டியரிங்கப் புடிக்க முடியாதுன்னு டிப்போல டைம் எழுதற வேலைக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டா. டீச்சரம்மா ஜெயிச்சு வந்து வீட்டுக்கு வந்தப்ப உள்ளறைய விட்டு வெளிய வரல. என்கூட அரசியல் பேசறதே இல்ல. நான் வேணும்னே வம்புக்கு இழுத்தாலும் சரிடான்னுட்டு தட்டக் கழுவப் போயிருவா. என்னை மைக்குன்னு கூப்பிட்டு அஞ்சு மாசமாச்சு. வீட்டுல சத்தமே இல்லண்ணே.

நான் சொல்லணும்னு நினைக்காத நாள் கிடையாது. வாய் வரைக்கும் வார்த்தை வரும். அப்புறம் இவ தாங்குவாளான்னு தோணும். அவளுக்காகத்தான் சொல்லாம இருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை அவளே கேட்டா. அப்பா சட்டைகள எல்லாம் எடுத்துக் கட்டிக்கிட்டு இருந்தா. திரும்பிப் பாக்காமலே, "கடைசியில அவரு யாருக்குடா போடச் சொன்னாரு?"ன்னா.

"டீச்சரம்மாவுக்குத்தான்கா."

கையில இருந்த சட்டைய மூஞ்சியில வச்சுக்கிட்டா. "அப்ப எனக்காகத்தான் போயிருக்காரு"ன்னா. ரொம்ப நேரம் அழுதா. நான் அவ பக்கத்துலயே நின்னேன். எனக்கு மனசு கொஞ்சம் லேசா இருந்துச்சுண்ணே, இத்தன நாள் கழிச்சு அவகிட்ட ஒரு உண்மையாவது சொல்லிட்டேன்ல.