ஆளுக்கொரு காது

எண்ணூரிலிருந்து பீச் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள். ஒருவர் கம்பெனிச் சட்டை, மற்றவர் லுங்கி.

“எனக்கு கேக்குறது ஒரு காதுதான். அதுக்கு இன்னாத்துக்கு மாமு அஞ்சு ஸ்பீக்கரு வாங்கணும்?” என்றார் லுங்கிக்காரர்.

“கேம் ஆடசொல்ல சுத்தி சத்தம் வரணும்டா. ஹெட்போன்ல உனுக்கு பாதிதான் கேக்கும்.”

“சின்ன வயசுல மட்டும்? பிரௌசிங் சென்டர்ல ஒரே ஹெட்போனு. ஆளுக்கொரு காதுல வெச்சிகினு ஆடல?”

“ஆமா. உன் பக்கம் காலடி கேட்டா ‘லெஃப்ட்ல வரான்டா’ன்னு கத்துவே. சென்டரே திரும்பிப் பாக்கும்.”

“உன் பக்கத்த நீ சொல்லுவே. எவனாவது நம்மகிட்ட வர முடிஞ்சுதா?”

கம்பெனிச் சட்டைக்காரர் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீ என் லெஃப்ட்ல குந்திகினு வெச்சது ரைட்டு காதுலடா. மீன்புடி லாஞ்சு இஞ்சின் சத்தத்துல பூட்ச்சே, அதே காது.”

ரயில் ராயபுரம் தாண்டியது.

“அதனால இன்னா? இடம் மாறி குந்துனா லெஃப்ட்ல வெச்சிக்கறேன்” என்றார் லுங்கிக்காரர்.

கம்பெனிச் சட்டைக்காரர் எழுந்தார். நண்பரின் இடப்பக்கம் போய் உட்கார்ந்து, அந்தக் காதருகே சொன்னார்:

“ஹெட்போனு ஒண்ணே ஒண்ணு வாங்குவோம்.”