கம்பளத்தின் செவுள்

அடையாறிலிருந்து சாந்தோம் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே காலி மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னிக்கு ஒரு கம்பளத்துக்குச் செவுளத் தூக்கிப் பாத்தேன்க்கா” என்றாள் இளையவள்.

“இன்னாடி ஒளர்ற?”

“நம்ம கிட்ட மீன் வாங்குற டீச்சரம்மா வூட்ல ஒர்த்தன் ரெண்டு கம்பளம் விரிச்சு வச்சிருந்தான். மொராக்கோவுல கையால செஞ்சதாம். எது எடுத்தாலும் எண்பதாயிரமாம். ‘செவுளப் பாக்காம எங்கிட்ட வஞ்சிரம் வாங்குவியாம்மா? திருப்பிப் போடச் சொல்லு’ன்னேன். ஒண்ணுக்குப் பின்னால துணி ஒட்டிக்கீது. மிசின்ல செஞ்சது. சட்டுன்னு சுருட்டிக்கினான்.”

“இன்னொண்ணு?”

“பின்னால பூரா முடிச்சுக்கா. ஆட்டு முடிய நூலாத் திரிச்சு, சாயம் போட்டு, ஒரு பொம்பள மாசக்கணக்கா குந்திக்கினு ஒண்ணொண்ணா முடிஞ்சிருக்கா. டீச்சரம்மா அத்தப் போயி பாதி வெலைக்குக் கேக்குது! எனக்கு வந்துச்சே கோவம். கிழிஞ்ச வலைய ஒரு முழம் முடியவே எங்க வூட்டுக்காரருக்கு அரை நாள் ஆவுது. ‘இதுல மட்டும் பேரம் பேசாதம்மா’ன்னேன்.”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கவில்லை.

“வாங்குனாங்களா?”

“சொன்ன வெலைக்கே வாங்கிச்சு!”

மூத்தவள் வாயில் கைவைத்தாள். “எண்பதாயிரமா!”

“ஆமாக்கா. நாளைக்கு எங்கிட்ட வஞ்சிரத்துக்குப் பேரம் பேசட்டும். அப்ப கீது அந்தம்மாவுக்கு!”