ஓடையில் போன பெயர்

என் இணையத்தளத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்கும் என் மச்சான்மார்தான் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கணினி பழுதானால் உட்காரும் கதிரையை மாற்றிப் பார்க்கிற ஆள் நான். யுத்தம்தான் என்னைச் செய்தியாளன் ஆக்கியது.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அறை. அங்கிருந்து ஒரு செய்தியைப் போட்டால், செய்தியோடை என்கிற இணைப்பு வழியாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்த் தளங்களின் ஓரத்தில் அது தானாகவே வந்து நிற்கும். அதைப் பார்க்கையில் முதுகுவலிகூடக் குறையும்.

லாபிர் குறிஞ்சாக்கேணியில் ஓட்டோ ஓடுகிறவர். வேனில் வந்தவர்கள் ஓர் இளைஞனை வலுவில் ஏற்றிப்போனதைக் கண்டிருந்தார். என்னை நம்பிச் சொன்னார். நான் அவருடைய பெயரையும் ஊரையும் சேர்த்தே போட்டேன். பெயரில்லாத சாட்சியை வெளிநாட்டில் யார் மதிக்கிறார்கள்?

மறுநாள் வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

“சின்னராசா அண்ணன், எனக்குப் புள்ள குட்டி இருக்கு. என்ட பேர எடுத்துடுங்க.”

எடுத்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். “ஓம் லாபிர், இஞ்ச பாருங்கோ, இல்லை.”

அவருக்கு முகம் தெளிந்தது. இனிமேல் மாடு மோதிய செய்தி மட்டும்தான் தருவேன், அதுவும் மாட்டின் பெயர் போடாவிட்டால்தான் என்று பகிடி விட்டுப் போனார். நானும் சிரித்தேன்.

நான் காட்டியது என் பக்கத்தை மட்டும். ஓடையில் போனது மற்றத் தளங்களில் பெயரோடு அப்படியே நின்றது. அது எனக்குத் தெரியும். ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தால் அவர்களும் எடுத்திருப்பார்கள். ஆனால் போட்டதைத் திரும்பக் கேட்கிறவனின் ஓடையை எவரும் அதிக நாள் வைத்திருக்கமாட்டார்கள். அதோடு, என் செய்தி எல்லா இடத்திலும் மேலே நின்றது அன்றைக்குத்தான். கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டேன். களைப்பாகவும் இருந்தது.

அடுத்த நாள் லாபிரின் ஓட்டோ இறங்குதுறைக்குப் பக்கத்தில் சாவித் துவாரத்தில் திறப்போடு நின்றது. லாபிர் இல்லை.

அவருடைய மனைவி ரபீக்கா என்னைத் தேடி வந்தார். “அவர்ட பேரப் பெரிசாப் போடுங்க அண்ணன். வெளிநாட்டு ஆக்கள் கண்டா, புடிச்சவங்க விட்டுருவாங்க.”

போட்டேன். நல்ல படமும் சேர்த்தேன். எல்லாத் தளத்திலும் அதுதான் முதல் செய்தி.

லாபிர் இன்னும் வரவில்லை. ரபீக்காதான் இடைக்கிடை வருகிறார். எங்களுக்காக எழுதினது நீங்கள் ஓராள்தான் என்று நன்றி சொல்கிறார். நான் மறுப்பதில்லை. உண்மை தெரிந்தால் அந்தப் பெண்பிள்ளை உடைந்துபோகும். ரபீக்காவுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன்.